எவரிஸ்ட் கால்வா

எவரிஸ்ட் கால்வா (25 அக்டோபர் 1811 – 31 மே 1832) பிரான்சு நாட்டுக் கணிதவியலாளர். பாரிசை அடுத்த பூர்-லா-ரென் என்ற ஊரில் பிறந்தார். தந்தை அவ்வூர் மேயர். பன்னிரண்டு வயதுவரை தாயே வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார். பின்னர் பாரிசுப் பள்ளியில் லெஜாந்தரின் வடிவியல் நூலைப் படித்தது முதல் மற்றப் பாடங்களில் அவர் மனம் செல்லவில்லை.

இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்கும் வாய்பாட்டை நாம் பள்ளியிலேயே படிக்கிறோம். முப்படி, நாற்படிச் சமன்பாடுகளுக்கான வாய்பாடுகளை 16ஆம் நூற்றாண்டு இத்தாலியர் கண்டனர். ஐந்தாம் படிக்கு அப்படியொரு பொது வாய்பாடு இல்லை என்று நார்வே நாட்டு ஆபெல் 1824இல் நிறுவினார். ஆனாலும் சில ஐந்தாம் படிச் சமன்பாடுகளைத் தீர்க்க முடிகிறதே, எவற்றை முடியும், எவற்றை முடியாது? கால்வா எடுத்துக்கொண்ட கேள்வி இது.

கூட்டினால் 4, பெருக்கினால் 1 வரும் இரண்டு எண்கள் 2+√3, 2−√3. இவற்றை ஒன்றுக்கொன்று இடம் மாற்றினாலும் அந்த உறவுகள் கெடுவதில்லை. இவ்வாறு மூலங்களுக்கு இடையிலான உறவுகள் கெடாத இடமாற்றங்களை எல்லாம் திரட்டி, அத்தொகுதிக்குக் 'குலம்' என்று பொருள்படும் பெயரை அவர் இட்டார். ஐந்து மூலங்களை 120 விதமாக இடம் மாற்றலாம். அதிலிருந்து 60 உறுப்புகள் கொண்ட குலத்துக்கு ஒரு படி இறங்கலாம். அதன் பின் இறங்கப் படி இல்லை. பொது வாய்பாடு கிடைக்காததன் காரணம் அங்கே இருக்கிறது.

எக்கோல் பாலிடெக்னிக் நுழைவுத் தேர்வில் இருமுறை தோற்றார். இரண்டாம் முறை, தந்தை தற்கொலை செய்துகொண்ட சில நாட்களுக்குள் தேர்வுக்குப் போனார். 1830இல் அறிவியல் கழகப் பரிசுக்கு அனுப்பிய கட்டுரை, அதை வைத்திருந்த ஃபூரியே இறந்ததும் காணாமல் போயிற்று. மறுபடி எழுதிக் கொடுத்ததை, தெளிவாக இல்லை என்று 1831இல் புவாசோன் ஏற்க மறுத்தார். புவாசோனைப் பலரும் பழிக்கிறார்கள். விடைத்தாள் திருத்திப் பழகிய எனக்கு அவர் மேல் முழுக் குற்றமும் சொல்ல மனம் வரவில்லை. மனத்துக்குள் கண்டதைப் பாதிப் படிகளை விட்டுவிட்டு எழுதுவது கால்வாவின் வழக்கம்.

தீவிரக் குடியரசுவாதியான அவர், தம் கல்லூரி இயக்குநரைத் தாக்கி எழுதியதால் நீக்கப்பட்டார். அரசியல் காரணமாகச் சிறையும் கண்டார். 1832 மே 30 அன்று துப்பாக்கிச் சண்டையில் குண்டடிபட்டு மறுநாள் இறந்தார். வயது இருபது.

கடைசி இரவிலேயே தம் கோட்பாடு முழுவதையும் எழுதி முடித்தார் என்பது பரவலான கதை. உண்மையில் கட்டுரை முன்பே ஆயத்தமாக இருந்தது. அன்றிரவு நண்பர் செவாலியேவுக்குத் தம் முடிவுகளைச் சுருக்கிக் கடிதம் எழுதினார். கட்டுரையில் திருத்தங்கள் செய்து, ஓரிடத்தில் நிரூபணத்தை நிறைவு செய்ய நேரமில்லை என்று ஓரத்தில் குறித்தார்.

அத்தாள்களைப் பொறுமையாகப் படித்துப் புரிந்துகொண்டவர் லியூவில். 1846இல் அவர் தம் ஆய்விதழில் அவற்றை அச்சிட்டார்.