முதலாளியின் முகம்: வசந்த் அண்ட் கோ முதல் ரீல்ஸ் வரை

(ஒலிப்பதிவிலிருந்து தொகுத்துத் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு பேசப்போறது 'பர்சனல் பிராண்ட்' பத்தி. ஆனா, எத்தனை மணிக்கு போஸ்ட் போடணும்னு டிப்ஸ் சொல்ற எபிசோட் இல்ல இது. கொஞ்சம் வரலாறு.

நான் இருக்கிற செம்பாக்கத்துல, வேளச்சேரி – தாம்பரம் ரோட்டுல உள்ள கடைகளோட இன்ஸ்டாகிராம் பக்கங்களைப் பாருங்க. பிரியாணிக் கடை, ஏசி சர்வீஸ், ஜவுளிக்கடைன்னு எல்லா இடத்துலயும் ஓனரே கேமரா முன்னாடி நின்னு பேசுறார். ஏதோ நேத்து வந்த பழக்கம்னு தோணும். அப்படி இல்ல.

'பர்சனல் பிராண்ட்' என்ற பேச்சைப் பரவலாக்கியது, அமெரிக்காவின் ஃபாஸ்ட் கம்பெனி இதழில் 1997-இல் டாம் பீட்டர்ஸ் எழுதிய கட்டுரை. நீங்களே ஒரு கம்பெனி, அதை நீங்களே விற்கணும் என்பதுதான் அதன் சாரம். அதுக்கு 19 வருஷம் முன்னாடியே தி.நகரில் ஒருத்தர் கடை திறந்துட்டார்.

விற்பனையாளர் முதலாளியான கதை

எச். வசந்தகுமார். குமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரத்துக்காரர். காங்கிரஸ் தலைவர் குமரி அனந்தனின் தம்பி. சென்னைக்கு வந்து வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராக வேலை பார்த்தார். வி.ஜி. பன்னீர்தாஸ் தொடங்கிய வி.ஜி.பி., வீட்டுப் பொருட்களைத் தவணையில் விற்றுப் பெயர் வாங்கிய நிறுவனம். அங்கே தொழில் பழகிய வசந்தகுமார், 1978-இல் வசந்த் அண்ட் கோவைத் தொடங்கினார்.

அந்தக் காலத்தை யோசிச்சுப் பாருங்க. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15-இல் வந்தது. கலர் ஒளிபரப்பு 1982-இல். டிவி எல்லாருக்கும் வேணும், ஆனா மொத்தமா காசு கொடுத்து வாங்க சம்பளக்காரர் வீட்டில் முடியாது. இன்னைக்கு மாதிரி ஆதார் கார்டை நீட்டினா அஞ்சு நிமிஷத்துல இ.எம்.ஐ. கிடைக்கிற காலமும் இல்ல. முன்பணம் கொஞ்சம், மீதி மாசத் தவணை. அதைத் தரக் கடைக்காரர் வாடிக்கையாளரை நம்பணும்.

நம்பிக்கை ரெண்டு பக்கமும் வேணும் இல்லையா? மாசாமாசம் பணம் கட்டப்போறவர், பாதியில டிவி ரிப்பேரானா யாரைக் கேட்பார்? அந்தக் கேள்விக்குப் பதில் மாதிரி, விளம்பரத்தில் நடிகருக்குப் பதிலா ஓனரே சிரிச்ச முகத்தோட நின்னார். 'பொருளுக்கு நான் பொறுப்பு' என்று கையெழுத்துப் போட்ட மாதிரி. என் பார்வையில், அந்தப் புகைப்படத்துக்கு மதிப்புக் கொடுத்ததே பின்னாடி இருந்த தவணைப் புத்தகம்தான்.

அந்த முகம் கடையைத் தாண்டியும் போனது. 2006-லும் 2016-லும் நாங்குநேரி எம்.எல்.ஏ. 2008-இல் வசந்த் டிவி. 2019-இல் கன்னியாகுமரியில் பொன். ராதாகிருஷ்ணனை இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் தோற்கடித்து எம்.பி. ஆனார்.

மொட்டைத் தலையும் நடனமும்

அடுத்தவர் லலிதா ஜுவல்லரியின் கிரண்குமார். நகைக்கடை விளம்பரம்னா பட்டுப்புடவை கட்டிய நடிகை என்று இருந்த இடத்தில், மொட்டைத் தலையோட அவரே வந்து பேசினார். பேசினது செய்கூலி, சேதாரக் கணக்கு. எங்க கடை விலைச்சீட்டை போட்டோ எடுத்துட்டுப் போய் மற்ற கடைகளில் ஒப்பிட்டுப் பாருங்கன்னார். இங்கேயும் பாருங்க: முகத்தோட சேர்ந்து, சரிபார்க்கக்கூடிய ஒரு வாக்கு இருக்கு.

சரவணா ஸ்டோர்ஸ் லெஜண்ட் சரவணன் வேற வழி. தமன்னா, ஹன்சிகாவுடன் விளம்பரத்தில் ஆடினார். மீம்ஸ் குவிஞ்சது. 2022 ஜூலையில் 'தி லெஜண்ட்' படத்துக்கே ஹீரோவானார். கிண்டல் பண்ணினவங்க உட்பட எல்லாருக்கும் முகம் மனசுல பதிஞ்சது. ஆனா அது ரங்கநாதன் தெருவில் ஒரு தலைமுறைக்கு முன்பே கூட்டம் சேர்த்துவிட்ட குடும்பத்தின் பெயர். மீம் அந்தக் கூட்டத்தைப் புதுசா உருவாக்கல. புதுசா கடை போடுறவங்க இதை மறந்துடறாங்க.

முகம் போன பிறகு

ஓனரே பிராண்ட் என்றால், ஓனருக்கு ஏதாவது ஆனால்?

2020 ஆகஸ்ட் 28-இல் வசந்தகுமார் கொரோனாவுக்குச் சிகிச்சையில் இருந்தபோது இறந்தார். கடைகள் மூடவில்லை. அடுத்த ஆண்டு இடைத்தேர்தலில் அதே தொகுதியில் மகன் விஜய் வசந்த் வென்றார். சரவண பவன் ராஜகோபால் கதை இன்னும் கடுமையானது. கொலை வழக்கில் அவருடைய ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2019 மார்ச்சில் உறுதி செய்தது, ஜூலையில் இறந்தார். ஹோட்டல்கள் தொடர்ந்து இயங்கின. சாப்பிட வந்தவர்கள் நம்பியது இட்லி சாம்பாரை.

இரண்டும் வேற வேற கதைதான். ஒருத்தர் மேல ஊருக்கு மரியாதை. இன்னொருத்தர் செஞ்சது மன்னிக்க முடியாத குற்றம். ஆனா தொழில் நின்னதுக்குக் காரணம் ஒண்ணு: முதலாளி இல்லாத நாள்லயும் கடை தன் வாக்கைக் காப்பாத்தினது. கிளை மேலாளர், பில், சர்வீஸ், சமையல் அளவு என்று அந்த வாக்கு ஆயிரம் சின்ன வேலைகளா மாறியிருந்தது.

நான் சாஃப்ட்வேர் ஆள். எங்க பாஷைல சொன்னா, முகம் வெறும் லாகின் பக்கம். உள்ளே போனதும் சிஸ்டம் வேலை செய்யணும்.

அதனால ரீல்ஸ் போடுற அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒரே ஒரு கேள்வி. தாராளமா கேமரா முன்னாடி நில்லுங்க, நல்லா பேசுங்க. ஆனா ஏசி ரெண்டாவது நாளே நின்னு போச்சுன்னு ஒரு வாடிக்கையாளர் போன் பண்ணும்போது, வீடியோவில் சிரிச்ச அதே ஆள் எடுப்பாரா? நீங்க ஊர்ல இல்லாத அன்னைக்கு யார் எடுப்பாங்க? இந்த ரெண்டாவது கேள்விக்குப் பதில் தயாராயிருந்தா, தைரியமா வீடியோவை ஏத்துங்க.

உங்க ஊர்லயும் ஓனர் முகத்தாலேயே ஓடின கடை இருந்திருக்கும். எங்களுக்கு எழுதி அனுப்புங்க, இன்னொரு எபிசோட்ல பேசுவோம்.