இனவரைவியல் களப்பணிக் கருவிகள்: குறிப்பேடு முதல் வீடியோ வரை

ஒரு மக்கள் கூட்டத்தாரின் நடுவே நீண்ட நாள் தங்கி, அவர்களுடைய வாழ்க்கையை நேரில் கண்டும் கேட்டும் எழுதுவது இனவரைவியல் எனப்படும். இதற்காக ஆய்வாளர்கள் எடுத்துச் செல்லும் கருவிகள் கடந்த நூற்று முப்பது ஆண்டுகளில் பலமுறை மாறியுள்ளன. ஒவ்வொரு கருவியும் அதுவரை பதிய முடியாத ஒன்றைப் பதிய உதவியது. கூடவே, பதிவு எவ்வளவு உண்மையானது, அது யாருக்கு உரியது என்ற கேள்விகளையும் எழுப்பியது.

மெழுகு உருளை

1890 மார்ச் மாதத்தில் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், மெய்ன் மாநிலத்தில் பாசமக்வாடி பழங்குடியினரின் பாடல்களையும் கதைகளையும் எடிசனின் ஃபோனோகிராஃபில் பதிவு செய்தார். களப்பணியில் ஒலிப்பதிவின் தொடக்கமாக இது கருதப்படுகிறது. ஓர் உருளையில் இரண்டு மூன்று நிமிடங்களே பதியும். ஆகவே நீண்ட பாடலைத் துண்டுதுண்டாகவோ சுருக்கியோ பாட வேண்டியிருந்தது. பாடுபவர் புனல் வடிவக் குழாயின் அருகில் நின்று உரக்கப் பாடினால்தான் ஊசி மெழுகில் தடம் பதிக்கும். ஒவ்வொரு முறை போட்டுக் கேட்கும்போதும் அந்தத் தடம் தேயும். இவ்வகை உருளைகளைக் காக்க வியன்னாவில் 1899-லும் பெர்லினில் 1900-லும் ஒலிக் காப்பகங்கள் தோன்றின.

டாரஸ் நீரிணைப் பயணம்

ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளுக்கு 1898-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஏழு பேர் சென்றனர். ஆல்ஃபிரட் ஹேடன் குழுவின் தலைவர். நிழற்படக் கருவி, ஃபோனோகிராஃப் ஆகியவற்றுடன் திரைப்படக் கருவியையும் அவர்கள் கொண்டுசென்றனர். மேர் தீவில் அவர் எடுத்த படத்தில் சில நிமிடங்களே இன்று எஞ்சியுள்ளன.

அதில் மாலோ-போமாய் சடங்கின் நடனம் உள்ளது. கிறித்தவ சமயப் பணியாளர்கள் வந்தபின் அச்சடங்கு நின்றுபோயிருந்தது. ஹேடனின் வேண்டுகோளுக்காகத் தீவினர் அட்டையில் முகமூடிகள் செய்து மீண்டும் ஆடிக் காட்டினர். ஆகவே, அன்றாடம் நடந்துகொண்டிருந்த வழிபாட்டை இப்படம் காட்டவில்லை. ஆனாலும் ஆடியவர்கள் அச்சடங்கின் நினைவைச் சுமந்தவர்கள். படத்தை மட்டும் பார்ப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. எழுதிவைத்த குறிப்பு இருப்பதால்தான் தெரிகிறது.

நீலகிரியில் ரிவர்ஸ்

அக்குழுவில் இருந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901–02-இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே ஆய்வு செய்தார். தோடர் மொழி அவருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர்களின் துணையுடன் பணியாற்றினார். அவருடைய முதன்மைக் கருவி தாளும் எழுதுகோலும்தான். ஒவ்வொருவரிடமும் தாய், தந்தை, உடன்பிறந்தோர், மணம் முடித்தோர் பெயர்களைக் கேட்டு வம்சாவளி அட்டவணைகள் தயாரித்தார். ஒருவர் சொன்னதை மற்றொருவர் சொன்னதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்க இம்முறை உதவியது. ‘தி தோடாஸ்’ என்ற அவரது நூல் 1906-இல் வெளிவந்தது.

பாலித் தீவில் கேமரா

மார்கரெட் மீடும் கிரெகரி பேட்சனும் 1936 முதல் பாலித் தீவில் பணியாற்றினர். பேட்சன் படமெடுக்க, மீட் நேரத்தைக் குறித்துக்கொண்டு நடப்பதை எழுதினார். இரண்டு ஆண்டுகளுக்குப் போதும் என்று 75 படச்சுருள்கள் கொண்டுவந்திருந்தனர். ஒரு நாள், பெற்றோரும் பிள்ளைகளும் பழகுவதை முக்கால் மணி நேரம் பார்த்தபோதே மூன்று சுருள்கள் தீர்ந்தன. அதன்பின் படச்சுருளை மொத்தமாக வரவழைத்துத் தாங்களே வெட்டிச் சுற்றிக்கொண்டனர். இறுதியில் சுமார் 25,000 நிழற்படங்களும் 22,000 அடி 16 மி.மீ. படச்சுருளும் சேர்ந்தன. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த 759 படங்கள் 1942-இல் நூலாக வந்தன.

1938-உம் 1984-உம்

டச்சு இசை ஆய்வாளர் ஆர்னால்ட் பாக்கே 1938-இல் தென்னிந்தியாவில் இசை, நடனம், சடங்கு ஆகியவற்றைப் பதிவு செய்தார். படம் 16 மி.மீ. சுருளில் ஒலியில்லாமலும், ஒலி வேறொரு கருவியிலும் பதிவாயின.

1984-இல் பாக்கேயின் மாணவர் நசீர் ஜைரஸ்பாயும் ஏமி கேட்லினும் அப்பதிவுகளின் படிகளுடன் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய பகுதிகளில் அதே கலைகளைத் தேடிச் சென்றனர். இம்முறை வீடியோ கருவி உடன் இருந்தது. சில கலைகள் நிலைத்திருந்தன, சில உருமாறியிருந்தன. இடைப்பட்ட 46 ஆண்டுகளின் மாற்றத்தைச் செவிவழிச் செய்தியாக அல்லாமல் கண்ணால் ஒப்பிட முடிந்தது. இந்த மறு ஆய்வு 1991-இல் வீடியோவாகவும் நூலாகவும் வெளிவந்தது.

வீடியோவின் வருகை

1967-இல் சோனி நிறுவனத்தின் கையடக்க ‘போர்ட்டபேக்’ வெளிவந்தது. படமும் ஒலியும் ஒரே நாடாவில் பதிந்தன. படச்சுருள் போலக் கழுவத் தேவையில்லை. விரைவில், எடுத்த இடத்திலேயே மக்களுக்குப் போட்டுக் காட்டி, “இது என்ன, ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?” என்று கேட்க முடிந்தது. இதனால், ஆய்வாளரின் விளக்கத்தை மக்களே திருத்தும் வழி பிறந்தது.

ஆனால் நாடாவுக்கு ஆயுள் குறைவு. 1898-ஆம் ஆண்டுப் படச்சுருளை வெளிச்சத்தில் பிடித்தால் உருவம் தெரியும். 1980-களின் நாடாவிலோ, அதற்குரிய கருவி இல்லையென்றால் எதையும் காண இயலாது. எண்ணிமக் கோப்புகளுக்கும் இதே ஆபத்து உண்டு.

மாணவர்களுக்கு

இன்று கைப்பேசியே கேமராவாகவும் ஒலிப்பதிவுக் கருவியாகவும் உள்ளது. எனினும் பழைய பாடங்கள் மாறவில்லை. பதிவு செய்யுமுன் உரியவரிடம் அனுமதி பெற வேண்டும். பதிவின் தொடக்கத்தில் நாள், இடம், சூழல் ஆகியவற்றை வாயால் சொல்லிப் பதிய வேண்டும். வழக்கமாக நடந்ததா, நமக்காக நடத்தப்பட்டதா என்று அன்றிரவே குறிப்பேட்டில் எழுத வேண்டும். இரண்டு படிகளை வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். ஒரு படியை அந்த ஊராரிடம் சேர்க்க வேண்டும். மேர் தீவின் அட்டை முகமூடிகளை இன்று நாம் சரியாகப் புரிந்துகொள்வது கேமராவால் மட்டும் அல்ல, அதன் அருகில் இருந்த குறிப்பேட்டாலும்தான்.