ஏடிஎச்டி உள்ள குழந்தைகளுக்கான ஆதரவு: திருப்பூர் பின்னலாடை வட்டாரம்

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு (ஏடிஎச்டி) குழந்தைப் பருவத்தில் தொடங்கும் ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு. கவனத்தை ஓரிடத்தில் நிறுத்துவது, அவசரத்தை அடக்குவது, உட்கார்ந்த இடத்தில் இருப்பது ஆகிய திறன்கள் வயதுக்கேற்ப வளராததே இதன் அடிப்படை. மருந்து, பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சி, வகுப்பறை மாற்றங்கள் ஆகியவை இதற்கான ஆதரவின் மூன்று தூண்கள். இவற்றில் பின்னிரண்டும் பெரியவர்களின் நேரத்தைக் கேட்பவை. தாயும் தகப்பனும் காலை எட்டரை மணிக்கு பனியன் கம்பெனிக்குள் போய் இரவு எட்டரைக்கு வெளியே வரும் திருப்பூரில், இருக்கிற கொஞ்ச நேரத்துக்குள் அடங்கும்படி அந்த ஆதரவை அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குறைபாட்டின் தன்மை

இத்தகைய குழந்தைகளை லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில் 1902-இல் தம் சொற்பொழிவுகளில் விவரித்தார். இன்றைய மருத்துவம் இதை மூன்று வடிவங்களாகப் பார்க்கிறது: கவனக்குறைவு மேலோங்கியது, துறுதுறுப்பும் அவசரமும் மேலோங்கியது, இரண்டும் கலந்தது. முதல் வடிவம் பெண் குழந்தைகளிடம் பலமுறை கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. சத்தம் போடாமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் சிறுமியைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை.

மரபணுக்களின் பங்கு இதில் மிக அதிகம். குறைப்பிரசவம், குறைந்த பிறப்பு எடை ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. இனிப்பு தின்பதாலோ, செல்லம் கொடுப்பதாலோ, தாய் வேலைக்குப் போவதாலோ இது வருவதில்லை. இதைப் பெற்றோரிடம் தெளிவாகச் சொல்வது சிகிச்சையின் முதல் படி. 'நான் கம்பெனிக்குப் போனதாலதான் பையன் இப்படி ஆயிட்டான்' என்ற குற்ற உணர்வோடு வரும் தாய்க்கு அடுத்து சொல்லும் எதுவும் காதில் ஏறாது.

பரவல்

உலக அளவில் பள்ளி வயதுக் குழந்தைகளில் சுமார் 5 விழுக்காட்டினருக்கு இக்குறைபாடு இருப்பதாகக் கணக்கிடப்படுகிறது. பக்கத்து மாவட்டமான கோயம்புத்தூரில் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2013-இல் வெளியான ஆய்வு 11.32 விழுக்காடு என்று கண்டது. குறைந்த வருமானக் குடும்பத்துக் குழந்தைகளிடம் அது 16 விழுக்காட்டைத் தாண்டியது. நடுத்தரக் குடும்பங்களில் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. தொழிலாளர் குடியிருப்புகள் நிறைந்த திருப்பூருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

வட்டாரச் சூழல்

இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கும் மேற்பட்ட பங்கைத் தரும் திருப்பூர், கோவை, ஈரோடு மாவட்டப் பகுதிகளைக் கொண்டு 2009-இல் தனி மாவட்டமானது. தென் மாவட்டங்களிலிருந்தும் பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்தும் வந்த குடும்பங்கள் காம்பவுண்டு வீடுகளில் தங்கி வேலை பார்க்கின்றன. எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் பன்னிரண்டு மணி நேரம். ஆர்டர் நெருக்கும் நாட்களில் அதற்கும் மேல். நாலரை மணிக்குப் பள்ளி விட்டு வரும் குழந்தை, பெற்றோர் திரும்பும்வரை பக்கத்து வீட்டிலோ டியூஷனிலோ கைபேசியோடோ இருக்கும். ஒற்றை அறை வீட்டில் இரவுச் சாப்பாடு முடிய மணி பத்தாகும்.

கண்டறிதல்

ஏடிஎச்டியை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. 2013-இல் வெளியான அமெரிக்க உளநல மருத்துவர் சங்கக் கையேட்டின்படி, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். அதனால் வகுப்பாசிரியரின் குறிப்பு இல்லாமல் நோயறிதல் முழுமையாகாது.

இந்த வட்டாரத்தில் மருத்துவர் முதலில் விலக்கிப் பார்க்க வேண்டியவை சில உண்டு. இரவு பதினொன்றுக்குத் தூங்கி ஆறுக்கு எழும் குழந்தை, தூக்கக் குறைவாலேயே பகலில் கவனம் சிதறியும் எரிச்சலோடும் இருக்கும். வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசும் குழந்தை, தமிழில் நடக்கும் பாடம் புரியாமல் அலைபாயும். காது மந்தம், பார்வைக் குறை, இரத்தசோகை, கற்றல் குறைபாடு ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரலாம். கற்றல் குறைபாடு ஏடிஎச்டியோடு சேர்ந்தே வருவதும் உண்டு.

பள்ளியில் ஆதரவு

முதல் பெஞ்சு, சன்னலுக்கும் கதவுக்கும் தள்ளிய இடம், பக்கத்தில் அமைதியான துணை: செலவில்லாத முதல் மாற்றங்கள் இவை. அடுத்தது கட்டளையின் வடிவம். 'நோட்டை எடுத்து, தேதி போட்டு, போர்டுல இருக்கறத எழுதி, கணக்கையும் முடிச்சிடு' என்று சொன்னால் ஏடிஎச்டி உள்ள குழந்தையின் மனதில் முதல் சொல்தான் நிற்கும். 'நோட்டை எடு கண்ணு' என்று சொல்லி, எடுத்ததும் தலையசைத்து, பிறகு அடுத்ததைச் சொன்னால் நான்கு வேலையும் நடக்கும். பத்து கணக்கை ஒரே தாளில் கொடுக்காமல் மூன்று மூன்றாகக் கொடுப்பதும் இதே முறைதான். 2007-08 கல்வியாண்டில் தமிழக அரசுத் தொடக்கப்பள்ளிகள் அனைத்துக்கும் விரிவான செயல்வழிக் கற்றலின் அட்டைகளும் ஏணிப்படிகளும் பாடத்தைச் சிறு படிகளாகப் பிரித்தவை. அந்தப் பழக்கம் உள்ள ஆசிரியருக்கு இது புதிதல்ல.

உடம்பை அசைக்க அனுமதிக்கப்பட்ட வழியும் வேண்டும். கரும்பலகையைத் துடைப்பது, வருகைப் பதிவேட்டை அலுவலகத்தில் கொடுத்துவருவது போன்ற வேலைகளை இக்குழந்தைக்குக் கொடுக்கலாம். தண்டனையாக விளையாட்டுப் பீரியடைப் பறிப்பது எதிர்விளைவையே தரும். ஓடியாடிய பிறகுதான் இவர்களுக்குக் கவனம் கூடுகிறது.

ஆய்வுகளில் நன்கு தேறிய இன்னொரு முறை தினக்குறிப்பு அட்டை. 'இடத்தில் உட்கார்ந்தான்', 'வேலையை முடித்தான்', 'கை ஓங்கவில்லை' என்று மூன்றே இலக்குகள். ஒவ்வொரு பாடவேளைக்கும் ஆசிரியர் ஒரு குறி இடுவார். அட்டை அன்றே வீட்டுக்குப் போகும். பெற்றோர் பள்ளிக்கு வர ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டிய ஊரில், ஆசிரியரையும் பெற்றோரையும் தினமும் பேசவைக்கும் வழி இது.

வீட்டில் ஆதரவு

ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருந்துக்கு முன்பே பரிந்துரைக்கப்படுவது பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சி. நல்ல நடத்தையை உடனே கவனித்துப் பாராட்டுவதும், சிறு தவறுகளைக் கண்டும் காணாமல் விடுவதும், விதிகள் சிலவற்றை மட்டும் வைத்து மாறாமல் நிற்பதும் அதன் சாரம்.

திருப்பூர்த் தொழிலாளிக்கு இதன் உள்ளர்த்தத்தை பீஸ் ரேட்டைக் கொண்டு எளிதில் விளக்கலாம். சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி ஆறு நாள் மிஷினில் உட்காரப் பெரியவர்களால் முடியும். ஏடிஎச்டி உள்ள குழந்தைக்கு அந்தக் காத்திருப்பு முடியாது. ஒவ்வொரு பீசுக்கும் அப்போதே கூலி வேண்டும். 'பரீட்சையில் நல்ல மார்க் எடுத்தால் சைக்கிள்' என்ற வாக்குறுதியைவிட, இன்றைய அட்டையில் நான்கு குறி இருந்தால் இன்றிரவே அப்பாவோடு பத்து நிமிடம் கேரம் என்பது பலிக்கும்.

நேரம் இல்லாத வீட்டில் நாளின் இரு முனைகளைப் பிடித்துக்கொள்ளலாம். காலையில் அரை மணி நேரம்: பல் துலக்கு, குளி, சாப்பிடு, பையைப் பார் என்ற வரிசையைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுவது. இரவில் கால் மணி நேரம்: அட்டையைப் பார்ப்பது, மறுநாள் பையை அடுக்கிக் கதவோரம் வைப்பது. இடைப்பட்ட மாலை நேரத்துக்குப் பாட்டி, பக்கத்து வீட்டு அக்கா, டியூஷன் ஆசிரியர் ஆகியோரில் ஒருவரைப் பொறுப்பாக்கி, அட்டையில் உள்ள அதே மூன்று இலக்குகளை அவரிடமும் சொல்லிவைக்க வேண்டும். குழந்தை மட்டும் ஒன்பதரைக்குள் சாப்பிட்டுத் தூங்க ஏற்பாடு செய்வதும், படுக்கையில் கைபேசி இல்லாமல் பார்த்துக்கொள்வதும் பலனைக் கூட்டும்.

மருந்து

மெத்தில்ஃபெனிடேட் இதற்கான முதன்மை மருந்து. ஆறு வயது முதல் தரப்படுகிறது. மூளையில் டோபமைன், நோர்அட்ரினலின் ஆகியவற்றின் செயல்பாட்டைக் கூட்டுகிறது. பசி குறைவதும் தூக்கம் தள்ளிப்போவதும் பொதுவான பக்கவிளைவுகள். எனவே உயரம், எடை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். இந்தியாவில் இது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ளதால் எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்காது. பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போகும் குடும்பங்கள் முன்கூட்டியே வாங்கிவைக்க வேண்டும். அட்டோமாக்செட்டின் மாற்று மருந்து. பலன் தெரியச் சில வாரம் பிடிக்கும். அமெரிக்காவில் 579 குழந்தைகளிடம் நடந்து 1999-இல் வெளியான ஆய்வு, கவனமாகக் கண்காணித்துத் தரப்படும் மருந்து அறிகுறிகளை நன்கு குறைப்பதைக் காட்டியது.

சட்டமும் சேவைகளும்

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடைசெய்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் ஏடிஎச்டி தனியாக இல்லை. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது. இரண்டும் உள்ள குழந்தை அந்தச் சான்றிதழைக் கொண்டு சலுகைகளைக் கோரலாம்.

2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் வந்து பரிசோதிக்கும் நிலைகளில் ஏடிஎச்டியும் ஒன்று. வட்டார வள மையங்களில் சிறப்புப் பயிற்றுநர்கள் உள்ளனர். இஎஸ்ஐ தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவான தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அதன்வழி சிகிச்சை பெற உரிமை உண்டு. 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு ஷிப்ட் முடிந்த பிறகும் தமிழில் அழைக்கலாம். வீடு மாறினால் மாணவரின் எமிஸ் (பள்ளிக்கல்வித் தகவல் பதிவு) எண் புதிய பள்ளிக்கும் தொடரும். மருத்துவக் குறிப்புகளையும் தினக்குறிப்பு அட்டைகளையும் ஒரே கோப்பில் வைத்துப் பெற்றோர்தான் கொண்டுசெல்ல வேண்டும்.

வளரிளம் பருவம்

பலருக்கு அறிகுறிகள் பெரியவர்களான பிறகும் நீடிக்கின்றன. எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் 'படிப்பு ஏறல, கம்பெனிக்கு அனுப்பிரலாம்' என்ற பேச்சு வீட்டில் எழும்போது, அந்தப் பிள்ளைக்கு இதுவரை பரிசோதனை நடந்ததா என்று பள்ளி முதலில் கேட்க வேண்டும். 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதை 2016-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் எல்லாத் தொழில்களிலும் தடைசெய்துள்ளது. ஆனால் பிள்ளையைப் பள்ளியில் தக்கவைக்கச் சட்டம் மட்டும் போதாது. நேரத்தோடு கண்டறியப்பட்டு, ஆசிரியரும் வீடும் ஒரே முறையைக் கைக்கொண்டால், இவர்களில் பெரும்பாலோர் பத்தாம் வகுப்பையும் அதற்கு மேலும் தாண்டக்கூடியவர்களே. அதற்குத் தேவையான மூன்று இலக்கு அட்டையும் இரவுக் கால் மணி நேரமும் எந்தத் தொழிலாளர் வீட்டுக்கும் எட்டாதவை அல்ல.