ராமன் அழைத்த விருந்தாளி

நான் ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் எங்கள் துறைக்கு ஐரோப்பாவிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் இடையே புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. சால்வை, பூங்கொத்து, குரூப் போட்டோ எல்லாம் ஆயிற்று. மறுநாள் காலை அவர் துறைக்கு வந்தபோது உட்கார ஓர் அறை இல்லை. “இது யாரைக் கேட்டு முடிவாச்சு?” என்று மூத்த ஆசிரியர் ஒருவர் வராண்டாவில் நின்றபடியே சத்தம் போட்டார். வந்தவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் குரல் புரிந்திருக்கும். மூன்று மாதம் இருக்க வந்தவர் மூன்றாவது வாரமே கிளம்பிவிட்டார்.

பல வருடங்கள் கழித்து மாக்ஸ் போர்னின் தன்வரலாற்றைப் படித்தேன். அதில் பெங்களூர் பற்றிய பக்கங்கள் வந்தபோது அந்த வராண்டாதான் ஞாபகத்துக்கு வந்தது. குவாண்டம் இயக்கவியலை உருவாக்கியவர்களில் ஒருவர், பின்னாளில் நோபல் பரிசு வாங்கியவர், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் கூட்டம் ஒன்று முடிந்து வீட்டுக்குப் போய் மனைவியின் முன்னால் அழுதிருக்கிறார். அவரை அங்கே அழைத்து வந்தவர் சி.வி. ராமன்.

இந்தக் கதையை வழக்கமாக ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்: ‘ராமன் பெரிய மனிதர், சுற்றியிருந்தவர்கள் சின்ன மனிதர்கள்.’ விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை.

*

ராமனுக்கு வெளிநாட்டோடு இருந்த உறவே கொஞ்சம் விசித்திரமானது. திருச்சிக்குப் பக்கத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, கல்கத்தாவில் அரசு நிதித் துறை அதிகாரியாக இருந்தவர். 1917இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவிக்கு அசுதோஷ் முகர்ஜி அவரை அழைத்தார். அந்தப் பதவிக்கு வருபவர் முதலில் வெளிநாட்டில் பயிற்சி பெற்று வர வேண்டும் என்றொரு நிபந்தனை இருந்தது. ராமன் முடியாது என்றார். நிபந்தனைதான் வளைந்தது, ராமன் வளையவில்லை.

இதை வைத்து அவர் உலகத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டவர் என்று நினைத்தால் தப்பு. 1921இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழக மாநாட்டுக்குப் போய் வந்த கப்பல் பயணத்தில்தான் கடலின் நீலம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1928இல் தன் கண்டுபிடிப்பை அச்சிட்ட கையோடு அதன் படிகளை உலகெங்கும் உள்ள அறிவியலாளர்களுக்குத் தபாலில் அனுப்பினார். ஐரோப்பிய இதழ் ஒன்று தன்னைக் கண்டுகொள்ளும்வரை காத்திருக்கவில்லை. இரண்டே ஆண்டில் நோபல் வந்தது.

அவருடைய கணக்கு இதுதான்: நல்ல வேலையை இங்கே செய், அதை உலகத்தின் வாசலில் கொண்டுபோய் வை, பிறகு உலகம் உன் வாசலுக்கு வரும். 1933இல் அந்தக் கணக்கைப் பெரிய அளவில் போட்டுப் பார்க்க அவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர் பதவி.

*

ஜாம்ஷெட்ஜி டாடாவின் கனவு, மைசூர் அரசு கொடுத்த 371 ஏக்கர் நிலம், 1909இல் தொடக்கம். பெங்களூர்க்காரர்களுக்கு அது இன்றும் ‘டாடா இன்ஸ்டிட்யூட்’தான். ஆனால் தொடங்கி 24 ஆண்டுகள் அதன் தலைமையில் இந்தியர் எவரும் இருந்ததில்லை. ராமன்தான் முதல் ஆள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே இயற்பியல் துறையே கிடையாது. வேதியியல், உயிர்வேதியியல், மின்தொழில்நுட்பம் ஆகியவைதான் வேரூன்றியிருந்தன. ராமன் வந்து இயற்பியல் துறையைத் தொடங்கினார்.

அதே 1933இல், ஏப்ரல் 7ஆம் தேதி, ஹிட்லரின் அரசு யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஜெர்மானியப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள். சில வாரங்களில் கோட்டிங்கென் பல்கலைக்கழகம் காலியாகத் தொடங்கியது. போர்ன், கூரன்ட், எம்மி நோதர் என்று வரிசையாகப் பெயர்கள். போர்ன் அங்கே சாதாரண ஆள் இல்லை. ஹைசன்பெர்க்கும் பவுலியும் அவரிடம் உதவியாளர்களாக இருந்தவர்கள். ஓப்பன்ஹைமர் அவரிடம் முனைவர் பட்டம் பெற்றவர். அப்படிப்பட்டவர் ஐம்பது வயதில் பெட்டியைக் கட்டிக்கொண்டு கேம்பிரிட்ஜில் ஒரு தற்காலிக வேலையில் ஒண்டிக்கொண்டிருந்தார்.

ஒரு பக்கம் புதுத் துறை. அதை நடத்துபவர் சோதனைகளில் மன்னர், ஆனால் நவீன கோட்பாட்டு இயற்பியலுக்கு ஆள் தேவை. இன்னொரு பக்கம் உலகின் தலைசிறந்த கோட்பாட்டாளர்கள் வேலை தேடி அலைகிறார்கள். ராமன் இந்த இரண்டையும் இணைத்துப் பார்த்தார். இன்றைய பல்கலைக்கழகங்கள் ‘சர்வதேச ஆய்வுக் கூட்டுறவுத் திட்டம்’ என்று ஐம்பது பக்கம் அச்சடிக்கும் விஷயத்தை அவர் சில கடிதங்களில் முடித்தார். போர்ன் ஆறு மாதப் பணிக்குச் சம்மதித்து, 1935இல் மனைவி ஹெடியுடன் பெங்களூர் வந்து சேர்ந்தார்.

*

அந்த ஆறு மாதத்தில் நடந்த ஆய்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூட்டத்தில் நடந்த சண்டையைப் பேசும் வேகத்தில் எல்லோரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஒரு திரவத்துக்குள் கேளா ஒலியைச் செலுத்தினால் அது திரவத்தை நெருக்கியும் தளர்த்தியும் வரிவரியாக்குகிறது. அதன் குறுக்கே ஒளியைப் பாய்ச்சினால் கதிர் பல கதிர்களாகப் பிரிந்து விழுகிறது. 1932இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அந்தக் கதிர்களின் வெளிச்சம் ஏன் அப்படி ஏறி இறங்குகிறது என்பதற்குச் சரியான விளக்கம் கிடைக்கவில்லை. பெங்களூரில் ராமனும் நாகேந்திர நாத் என்ற இளம் ஆய்வாளரும் 1935-36இல் அதற்குக் கணித விளக்கம் கொடுத்தார்கள். அதை ராமன் முந்தைய ஆண்டு தொடங்கிய இந்திய அறிவியல் அகாதமியின் இதழிலேயே வெளியிட்டார்கள். ராமன்-நாத் கோட்பாடு என்று இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. லேசர் கதிரை ஒலியால் கட்டுப்படுத்தும் கருவிகளைப் பற்றிப் படிக்கிறவர்கள் அதைத் தாண்டிப் போக முடியாது.

அதே நாகேந்திர நாத்தும் போர்னும் சேர்ந்து நியூட்ரினோக்களை வைத்து ஒளியை விளக்கும் முயற்சி பற்றிக் கட்டுரை எழுதினார்கள். அந்தக் கோட்பாடு பிற்பாடு நிற்கவில்லை. அதனால் என்ன? கோட்டிங்கெனின் ஆசான் ஒருவரும் இருபதுகளில் இருந்த ஓர் இந்தியரும் ஒரே கணக்கை வைத்துக்கொண்டு ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆய்வுக் கூட்டுறவு என்று ஒன்று உண்மையில் இருக்குமென்றால் அது இந்த அளவில்தான் தொடங்குகிறது. மேலே இருக்கும் ஒப்பந்தம், முத்திரை எல்லாம் இந்த மேஜையைக் காப்பாற்றத்தான்.

*

காப்பாற்ற முடியவில்லை.

போர்னுக்கு நிரந்தரப் பதவி கொடுக்க வேண்டும் என்று ராமன் ஆசிரியர் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அந்தக் கூட்டத்துக்குப் போர்னையும் வந்து உட்காரச் சொன்னார். அங்கே மின்தொழில்நுட்பப் பேராசிரியரான ஆஸ்டன் என்ற ஆங்கிலேயர் எழுந்தார். சொந்த நாட்டிலிருந்து துரத்தப்பட்ட இரண்டாந்தர அந்நியர் ஒருவர் நமக்குப் போதாது என்ற பொருளில் பேசினார். இது போர்ன் எழுதியிருப்பது. ஆஸ்டன் குடும்பத்தோடு தாங்கள் அன்பாகப் பழகியிருந்ததால் அடி இன்னும் பலமாக விழுந்தது என்றும் எழுதுகிறார். அன்று வீட்டுக்குப் போய்த்தான் அழுதார்.

இந்தக் காட்சியில் ஒரு நிமிடம் நிற்கலாம். இந்தியாவில், இந்தியர் தலைமை ஏற்றிருக்கும் நிறுவனத்தில், ஒரு ஆங்கிலேயர் எழுந்து ஒரு ஜெர்மானிய யூதரை ‘அந்நியர்’ என்கிறார். அப்படியானால் அவர் யார்? ஆளும் இனத்துக்கு எந்த ஊரிலும் தான் அந்நியன் என்று தோன்றுவதே இல்லை.

ஆனால் ஆஸ்டனை மட்டும் வில்லனாக்கிவிட்டு எழுந்து போவது நியாயமாகாது. அந்த அறையில் கசப்பு ஏற்கெனவே நிறைந்திருந்தது. கழகத்தின் பணம் வரம்புக்குட்பட்டது. இல்லாத துறை ஒன்று புதிதாக முளைத்து, இருந்த துறைகளின் பங்கில் கைவைக்கிறது என்று மற்றவர்கள் குமைந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் இந்தியர்களும் உண்டு. ராமன் அவர்களிடம் பேசிச் சம்மதிக்க வைக்கிற ஆள் கிடையாது. தரம் குறைந்தது என்று தனக்குப் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். அவர் பார்வையில் போர்னின் தகுதி சூரியன் மாதிரி. சூரியனுக்கு யாராவது சிபாரிசு தேடுவார்களா?

தேட வேண்டியிருந்தது. வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விருந்தாளியைக் கூட்டிவந்து, அவர் தங்கலாமா கூடாதா என்ற விவாதத்தை அவரையே உட்காரவைத்து நடத்தினால் என்ன ஆகும்? அவமானம் விருந்தாளிக்குத்தான். ராமன் செய்த தவறு போர்னை அழைத்தது அல்ல. அவரை அந்தக் கூட்டத்துக்கு அழைத்தது.

*

இதே ஆண்டுகளில் இன்னொரு ஊரில் இதே முயற்சி வேறு மாதிரி நடந்தது. துருக்கியில் அதாதுர்க்கின் அரசு 1933இல் பழைய தாருல்ஃபுனூனை மூடிவிட்டு இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தைத் திறந்தது. ஜெர்மனியிலிருந்து வெளியேறிய அறிஞர்கள் சூரிச்சில் ஓர் உதவி அமைப்பு வைத்திருந்தார்கள். அதன் சார்பில் ஃபிலிப் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவப் பேராசிரியர் துருக்கியின் கல்வி அமைச்சரோடு பேசினார். ஒருவர் இருவர் அல்ல, பத்துப் பத்தாகப் பேராசிரியர்கள் போனார்கள். கணிதத்தில் ரிச்சர்ட் ஃபான் மீசஸ், தத்துவத்தில் ஹான்ஸ் ரைஷன்பாக், பிறகு இலக்கியத்தில் எரிக் அவுவர்பாக். ஒப்பந்தத்தில் அருமையான நிபந்தனை இருந்தது: சில ஆண்டுகளுக்குள் துருக்கி மொழி கற்க வேண்டும், துருக்கியில் பாடநூல் எழுத வேண்டும். விருந்தாளி வீட்டு ஆளாக மாற ஒரு வழி வைத்திருந்தார்கள்.

அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. பழைய ஆசிரியர்களில் பெரும்பாலோரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டுத்தான் புதியவர்களுக்கு இடம் போட்டார்கள். எதிர்ப்பவர்கள் கூட்டத்தில் இல்லை, அவ்வளவுதான். அதாதுர்க்குக்குப் பின்னால் ஒரு அரசு இருந்தது. ராமனுக்குப் பின்னால் இருந்ததோ ஒரு நோபல் பரிசு மட்டும். தன் ஆட்சிக் குழுவுக்கும் டெல்லியில் இருந்த ஆங்கிலேய அரசுக்கும் பதில் சொல்ல வேண்டிய இயக்குநர் அவர். அவரிடம் இருந்திருக்க வேண்டிய ஒரே ஆயுதம் சக ஊழியர்களின் சம்மதம். அதைத்தான் அவர் சேர்த்து வைக்கவில்லை.

*

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1936இல் ஜேம்ஸ் இர்வின் தலைமையிலான ஆய்வுக் குழு கழகத்தின் நிர்வாகத்தைப் பரிசீலித்து ராமனைக் கடுமையாக விமர்சித்தது. 1937இல் அவர் இயக்குநர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. பேராசிரியராக 1948வரை நீடித்தார்.

போர்ன் இங்கிலாந்து திரும்பினார். மாஸ்கோவுக்கு வரச் சொல்லிக் கபிட்ஸா அழைத்தார். அதற்குள் எடின்பரோவில் ஒரு பேராசிரியர் இடம் காலியாக, 1936இல் அங்கே போய்ச் சேர்ந்தார். 1940களில் படிகங்களின் அதிர்வு பற்றி ராமனும் போர்னும் எதிரெதிர் அணியில் நின்று இதழ்களில் மோதிக்கொண்டார்கள். அதில் காலம் பெரும்பாலும் போர்ன் பக்கம் நின்றது. 1954இல் அவருக்கு நோபல் கிடைத்தது.

எடின்பரோவில் அவரைத் தேடி யார் வந்தார்கள் தெரியுமா? சீன மாணவர்கள். பெங் ஹுவான்வு, செங் கைஜியா இருவரும் அவரிடம் முனைவர் பட்டம் பெற்றார்கள். ஊர் திரும்பிச் சீன அணு ஆராய்ச்சியின் தூண்களானார்கள். ஹுவாங் குன் அவரோடு சேர்ந்து படிக அதிர்வுகளைப் பற்றி எழுதிய புத்தகம் 1954இல் வந்தது. அவர்தான் பிற்பாடு சீனாவின் குறைக்கடத்தி இயற்பியலுக்கு வித்திட்டவர். போர்ன் பெங்களூரில் இருந்திருந்தால் இதெல்லாம் இங்கே நடந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஆசிரியருக்கு நாற்காலி போடும்போது அந்த ஒருவருக்கு மட்டும் போடுவதில்லை. அடுத்து வரப்போகும் பத்துப் பேருக்கும் சேர்த்துத்தான் போடுகிறோம்.

ராமன் தொடங்கிய துறை வீண்போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1939இல் விடுமுறைக்கு இந்தியா வந்த ஒரு கேம்பிரிட்ஜ் இளைஞர் உலகப்போர் மூண்டதால் திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டார். பெங்களூரில் ராமனின் துறை அவருக்குக் கோட்பாட்டு இயற்பியலில் ரீடர் பதவி கொடுத்தது. அவர் பெயர் ஹோமி பாபா. அதே போரினால் ஊர் திரும்பிய விக்ரம் சாராபாயும் ராமனின் துறைக்குத்தான் வந்து சேர்ந்தார்.

எங்கள் துறையிலிருந்து மூன்றாவது வாரமே கிளம்பிய அந்தப் பேராசிரியர் போகும் முன் ஒரு காரியம் செய்தார். நூலகத்தின் பின்மேஜையில் என் நண்பன் ஒருவனோடு உட்கார்ந்து அவன் சிக்கியிருந்த கணக்கைப் பார்த்துக் கொடுத்தார். ஒப்பந்தம் ஐந்து வருடம் கழித்துப் புதுப்பிக்கப்படாமலே காலாவதியானது. நண்பனின் ஆய்வுக் கட்டுரையில் அந்தக் கணக்கு இருக்கிறது. அவர்கள் இருவரும் இன்றும் மின்னஞ்சலில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.