புகையிரதமும் விடுமுறைப் பயணமும்

ஊர்விட்டு ஊர் செல்லுதல் மாந்தர்க்குப் புதிதன்று. வாணிபம் நாடியும் வழிபாடு கருதியும் மக்கள் தொன்றுதொட்டுப் பயணஞ் செய்துவந்தனர். கதிர்காம யாத்திரிகர் கல்முனை, திருக்கோவில், பொத்துவில் ஆகிய ஊர்களைக் கடந்து கால்நடையாகச் செல்லும் வழக்கம் இதற்குச் சான்றாகும். ஆயின் ஓய்வு ஒன்றையே நோக்கமாகக் கொண்ட பயணம் நெடுங்காலம் செல்வர்க்கே உரியதாயிருந்தது. அதனை ஏனையோர்க்கும் உரியதாக்கியது புகையிரதமே என்பர். அக்கூற்று முற்றும் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1841 ஆம் ஆண்டு ஜூலை 5 ஆம் நாள், தோமஸ் குக் என்பார் மதுவிலக்குக் கூட்டமொன்றிற்காக, இங்கிலாந்தின் லெஸ்ரர் நகரிலிருந்து லவ்பரோவுக்கு ஏறத்தாழ 500 பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் அழைத்துச் சென்றார். குறைந்த கட்டணம் பெருந்தொகையினரைப் பயணத்திற்குத் திரட்டும் என்பது அன்று தெளிவாயிற்று. ஆயினும், கூலியிழப்பின்றி ஓய்வெடுக்க இயலாத தொழிலாளிக்கு மலிவான சீட்டினாற் பயன் யாது? 1936 இற் பிரான்சு அரசு சம்பளத்துடன் கூடிய இருவார விடுமுறையைச் சட்டமாக்கியது. அவ்வாண்டே விடுமுறை செல்லும் தொழிலாளர்க்குப் புகையிரதக் கட்டணத்தில் 40 வீதம் குறைக்கப்பட்டது. பாதை, ஓய்வு, கட்டணச் சலுகை ஆகிய மூன்றும் ஒருங்கு சேர்ந்தபோதே எளிய குடும்பங்கள் பல முதன்முறையாகக் கடலைக் கண்டன.

இலங்கையிலே இருப்புப்பாதை விடுமுறைக்காக இடப்பட்டதன்று. 1864 இல் அம்பேபுசையையும் 1867 இற் கண்டியையும் அடைந்த பாதை, கோப்பியைத் துறைமுகஞ் சேர்க்கவே எழுந்தது. 1885 இல் அது நானுஓயாவை எட்டிய பின்னர், நுவரெலியாவின் குளிர் நாடிய ஐரோப்பியர்க்கும் செல்வர்க்கும் வழியாயிற்று. 1914 இல் தலைமன்னார்ப் பாதையும் தனுஷ்கோடிக் கப்பற்சேவையும் இணைந்தன. இராமேஸ்வரம், சிதம்பரம் செல்லும் சைவர்க்கும் நாகூர் செல்லும் முஸ்லிம்கட்கும் அதுவே பொதுவழி. கல்முனைக் கடற்கரைப் பள்ளி நாகூர்ப் பெரியார் சாகுல் ஹமீது அவர்களின் நினைவுக்குரியதாதலின், இவ்வழி இக்கரையோர்க்கு அயலானதன்று. 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது.

1928 இல் இருப்புப்பாதை மட்டக்களப்பை அடைந்தது, அவ்விடத்திலேயே நின்றும்விட்டது. கல்முனையார் வண்டியேறுதற்கு முன் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தெருவழியே செல்லல் வேண்டும். எனினும், எம்மைப் போன்ற ஆசிரியர்க்கும் ஏனைய அரச ஊழியர்க்கும் சம்பளத்துடன் லீவு உண்டு. குடும்பத்துடன் செல்ல விடுமுறை வாறண்டும் உண்டு. ஆதலின் தெருவழித் தூரம் எம்மைத் தடுத்ததில்லை. மருதமுனை நெசவாளர்க்கும், கரைவலை இழுப்போர்க்கும், வயலிற் கூலிக்கு உழைப்போர்க்கும் இவ்விரண்டும் இல்லை. ஒருநாள் ஓய்வு ஒருநாட் கூலியின் இழப்பாகும்.

புகையிரதத்தில் ஏறியோர் யாவரென வகுப்பிலே யான் வினவியதுண்டு. உயர்ந்த கைகள் சிலவே. அவற்றுள்ளும் பெரும்பாலானவை அரச ஊழியர்தம் பிள்ளைகளுடையவை. ஏனைய பிள்ளைகள் மட்டக்களப்பை அறியாதவரல்லர். நிலையத்தைப் பார்த்தவரும் அவருள் உளர். அவர்க்குக் குறைவாயிருந்தது பாதை மட்டுமன்று, தந்தையின் ஓய்வுநாளுமாகும். விடுமுறைப் பயணத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் தண்டவாளத்தின் நீளத்தை மட்டும் அளத்தல் போதாது. ஓய்வு யார் யார்க்கு வாய்த்தது என்பதையும் கணக்கிடல் வேண்டும்.