மெக்கன்ஸியின் ஒரு கடிதம்

கர்னல் காலின் மெக்கன்ஸியைப் பற்றிப் பேசுகிறவர்கள், அவர் சேகரித்த சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் எண்ணிக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அவருடைய கடிதம் ஒன்றுதான் முக்கியமாகப் படுகிறது. 1817 பிப்ரவரி 1-ம் தேதி சென்னையிலிருந்து, அப்போது இலங்கையில் பிரதம நீதிபதியாயிருந்த நண்பர் அலெக்ஸாண்டர் ஜான்ஸ்டனுக்கு எழுதியது. தென்னிந்தியாவின் சரித்திரத்துக்கென்று இத்தனை சேர்த்தவர், சேர்த்ததற்கு ஒரு பட்டியல்கூட வெளியிடாமல் 1821-ல் இறந்துபோனார். பட்டியலை 1828-ல் ஹெச். ஹெச். வில்ஸன் வெளியிட்டார். மெக்கன்ஸி தன் வேலையைப் பற்றித் தானே சொன்ன கதை என்று பார்த்தால், இந்தக் கடிதம்தான்.

அந்தக் கதைக்கு இன்னொரு பாடமும் உண்டு. 1832-ல் பார்லிமெண்டுக் குழுவின்முன் ஜான்ஸ்டன் சொன்னது. 1783-ல் இந்தியா வந்த மெக்கன்ஸி மதுரையில் ஜான்ஸ்டனின் பெற்றோர் வீட்டுக்கு வருகிறார். ஜான்ஸ்டனின் தாயார் ஹெஸ்டர், மடக்கை கண்ட நேப்பியரின் வம்சம். அவர் மதுரைப் பிராமணர்களிடம் மெக்கன்ஸியை அறிமுகப்படுத்துகிறார். சேகரிப்பு என்ற எண்ணமே அங்கே பிறக்கிறது. பிறகு 38 வருஷம் அதே தவம். ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெளிவாயிருந்த ஒரு மனிதரின் கதை இது.

கடிதம் அப்படிச் சொல்லவில்லை. இந்தியாவில் கழிந்த முதல் 13 வருஷங்களை மெக்கன்ஸியே ஒதுக்கிவிடுகிறார். மொழி தெரியாது, சின்ன ராணுவ அதிகாரிக்கு ஓய்வும் கிடையாது, வசதியும் கிடையாது. 1796-ல் இலங்கைப் படையெடுப்பிலிருந்து திரும்பிய பிறகு, திட்டமிட்டல்ல, தற்செயலாகவே வழி திறந்தது என்கிறார். திறந்துவிட்டவர் ஒரு பிராமண இளைஞர், காவலி வெங்கட போரய்யா. தனக்கு இந்த நாட்டு மொழி எதுவும் தெரியாது என்பதையும், தேடியது கிடைத்தது அந்த ஒருவரின் மேதையால்தான் என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறார். போரய்யா 1803-லேயே இறந்துபோனவர். 14 வருஷத்துக்குப் பிறகு, 60 வயதைத் தாண்டிய சர்வேயர் ஜெனரல் ஒருவர், யாரும் கேட்காத கடனை ஒப்புக்கொள்கிறார்.

சர்க்காருக்கு எழுதும் அறிக்கையில் இந்தக் குரல் வராது. நண்பனுக்கு எழுதும்போதுதான் வருகிறது. அதனால் தனிக் கடிதம் உண்மையையே பேசும் என்று நான் சொல்லவில்லை. இதே கடிதத்தை வைத்துக்கொண்டுதான் ஜான்ஸ்டன் தன் தாய்வீட்டில் கதையைத் தொடங்கினார். நட்பும் ஞாபகத்தைத் திருத்தும்.

இன்னொன்றும் உறுத்துகிறது. போரய்யாவின் தம்பி லட்சுமய்யாவுக்கும் மற்ற உதவியாளர்களுக்கும் கூடக் கடிதப் போக்குவரத்து உண்டு. எந்த ஊரில் எதைப் படியெடுத்தோம், யார் சுவடி தர மறுத்தார், யார் வரி போட வந்தவர்கள் என்று பயந்தார் என்றெல்லாம் ஊர் ஊராகப் போய் எழுதி அனுப்பினார்கள். வெயிலும் அலைச்சலும் அவற்றில்தான் இருக்கின்றன. ஆனால் ஆவணக் காப்பகத்தில் அவற்றுக்குப் பெயர் 'அறிக்கை'. கர்னல் எழுதினால் கடிதம், குமாஸ்தா எழுதினால் அறிக்கை.

மெக்கன்ஸிக்குப் பிறகு அந்த வேலையைத் தொடரத் தன்னை அனுமதிக்கும்படி லட்சுமய்யா கேட்டார். 1830-களில், கல்கத்தாவின் ஏசியாட்டிக் சொஸைட்டியில் ஜேம்ஸ் பிரின்ஸெப் இருந்த குழு அதை நிராகரித்தது. இவ்வளவு பெரிய காரியத்தை நடத்த ஒரு சுதேசிக்குத் தகுதி போதாது என்பது தீர்ப்பு. வழி திறந்ததே அப்படிப்பட்ட ஒருவர்தான் என்ற சாட்சியம், 1834-ல் லண்டனில் ராயல் ஏசியாட்டிக் சொஸைட்டியின் சஞ்சிகையில் அச்சாகியிருந்தது. பிரபலமானது மதுரை வீட்டுக் கதைதான். கடிதம் அச்சாவது வேறு, படிக்கப்படுவது வேறு.