லாஸ் கோப்பு முறை

எண்ணெய்க் கிணற்றினுள் கருவிகளை இறக்கி, ஆழந்தோறும் பாறையின் தன்மைகளை அளந்து பெறும் எண்களைக் கணினியில் சேமிக்கவும், ஒரு ஸ்தாபனத்திலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பவும் கனடா கிணற்றுப் பதிவுச் சங்கம் 1989-இல் வகுத்த நியமமே லாஸ் எனப்படும். எண்ணெய் வயல்களின் தரவுகளைப் பேணும் மென்பொருள்கள் உலகெங்கும் ஏற்றுக்கொள்ளும் கோப்பு முறைகளுள் இது பிரதானமானது.

தோற்றம்: 1927 செப்டம்பர் 5 அன்று, பிரான்சின் அல்சாஸ் பிரதேசத்திலுள்ள பெஷல்ப்ரான் எண்ணெய் வயலில், ஷ்லம்பர்ஜர் சகோதரர்களின் முறைப்படி, ஆன்றி டோல் என்ற பொறியாளர் முதன்முதலாக ஒரு கிணற்றின் மின்தடையை ஆழந்தோறும் அளந்து, அவ்வெண்களைக் கையாலேயே வரைபடமாக்கினார். பிற்காலத்தில் காகிதச் சுருளின் ஸ்தானத்தைக் காந்த நாடா பெற்றது; ஆயினும் அந்நாடாக்களில் எண்கள் இரும வடிவில் அடைபட்டிருந்தமையால், தனி மென்பொருள் இன்றி அவற்றை வாசித்தல் சாத்தியமன்று. சொந்தக் கணினிகள் அலுவலக மேசைகளுக்கு வந்த காலத்தில், எவரும் எளிதில் திறந்து படிக்கத்தக்க ஒரு கோப்பு அவசியமாயிற்று. அவ்வவசியத்தினின்றே லாஸ் பிறந்தது.

அமைப்பு: இக்கோப்பு சாதாரண எழுத்துகளால் ஆனது. முதற்பகுதி பதிப்பெண்ணையும், அடுத்தது கிணற்றின் பெயர், இருப்பிடம், ஆழத்தின் தொடக்கம், முடிவு, இடைவெளி ஆகியவற்றையும், பின்வருவது ஒவ்வொரு அளவையின் பெயரையும் அலகையும் கூறும். இறுதியில் எண்கள் நிரல் நிரலாக நிற்கும், முதல் நிரல் ஆழம். அளவை கிடைக்காத இடத்தில் எந்த எண்ணை இடுவது என்பதும் தலைப்பிலேயே அறிவிக்கப்படும். பெரும்பாலும் அது -999.25. இதை மென்பொருள் கவனியாதுவிடின் நேரும் அனர்த்தம் பெரிது: ஒன்பது இடங்களில் பாறையின் அடர்த்தி 2.50 என்றும், பத்தாவது இடத்தில் அளவை இல்லை என்றும் இருக்க, பத்தையும் கூட்டிச் சராசரி கண்டால் -97.675 என்ற, பூமியில் எப்பாறைக்கும் இல்லாத அடர்த்தி விடையாக வரும்.

திருத்தங்கள்: தொடக்கத்தில் வழங்கிய 1.2 பதிப்பில், கிணற்றுப் பகுதியின் சில வரிகளில் விவரணம் முக்காற்புள்ளிக்கு முன்னும், விஷயம் அதற்குப் பின்னுமாக எழுதப்பட்டன. வேறு சில வரிகளில் இம்முறை தலைகீழாக இருந்தது. இதனால், நிறுவனத்தின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘நிறுவனம்’ என்ற சொல்லையே மென்பொருள் எடுத்துக்கொள்ள இடமேற்பட்டது. 1992-இல் வெளிவந்த 2.0 பதிப்பு, விஷயம் எப்போதும் முன்னே, விவரணம் எப்போதும் பின்னே என்று நிர்ணயித்து இக்குழப்பத்தை நீக்கியது. அதன் பின்னர் வந்த 3.0 பதிப்பு, கிணற்றின் சாய்வு, பாறை மாதிரி, துளையிடல், உற்பத்திச் சோதனை முதலிய தரவுகளுக்கும் இடமளித்தது. ஆனால் அதன் விரிவே பாரமாயிற்றுப் போலும், இன்றளவும் 2.0 பதிப்பே மிகுதியாக வழங்குகிறது.

வாசிக்கும் மென்பொருள்கள்: நியமம் தெளிவாக இருப்பினும், களத்திலிருந்து வரும் கோப்புகள் யாவும் அதற்கு இணங்கி வருவதில்லை. பைதான் மொழியில் எழுதப்பட்ட லாசியோ என்ற திறந்த மூல மென்பொருளின் திருத்தங்களை நோக்கினால் இது விளங்கும். எதிர்மறைக் குறியுடைய இரு எண்கள் இடைவெளியின்றி ஒட்டி நிற்குமாயின் அவற்றைப் பிரிக்கவும், புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளியால் தசமத்தைக் குறிக்கும் நாடுகளின் கோப்புகளை ஏற்கவும் அதில் விதிகள் அமைக்கப்பட்டன. ஒட்டிய எண்களைப் பிரிக்கும் விதியோ, இடையே கோடிட்டு எழுதிய தேதியையும் பிளக்கக்கூடும். ஆகவே கோப்பின் தன்மைக்கேற்ப அவ்விதியை விலக்கிக்கொள்ளவும் வசதி செய்யப்பட்டது.

பயன்: உற்பத்தி ஓய்ந்த கிணறு சிமெண்டால் அடைக்கப்படுகிறது, அதற்குப் பின் அக்கிணற்றினுள் மீண்டும் கருவியை இறக்கி அளத்தல் அரிது. பல்லாண்டு கழித்து அவ்வயலை ஆராய்பவருக்கு எஞ்சும் சாட்சி இக்கோப்பே. ஆதலின், ஆழம் மீட்டரிலா அடியிலா, அது தரைமட்டத்திலிருந்து அளந்ததா துளைமேடையிலிருந்து அளந்ததா என்னும் சிறு குறிப்புகளைத் தலைப்பிலிருந்து ஒன்றும் உதிராமல் காப்பது தரவுப் பொறுப்பாளரின் தலையாய கடமையாகும்.